மிளகாய்த்தூளும் இரண்டு அச்சுகளும்

சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்குச் சாதாரண நிலைத் தேர்வு நெருங்குவதால் மாலைப்பொழுது முழுவதும் அவளுடைய கணக்குப் புத்தகத்தோடு போய்விடுகிறது. தாமதத்துக்கு அதுதான் காரணம், கோபமொன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. தேக்கா சந்தைக்குத் தாமே நடந்து போய் மீன் வாங்கி வருகிறார்.

பினாங்கில் உன் மாணவர்கள் இருவர் ஒரே தரவை எடுத்து, ஒரே கட்டளையால் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு (பல அளவுகளை, எண்கள் மிகுதியாகச் சிதறும் திசைகளான சில கூறுகளாகச் சுருக்கி, அவற்றை அச்சுகளாக வைத்து வரையும் முறை) செய்தும், ஒருவர் படம் மற்றவர் படத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறி வந்ததாக எழுதியிருந்தாய். இருவரும் தவறு செய்யவில்லை. கூறு என்பது ஒரு கோட்டின் திசை மட்டுமே. அந்தக் கோட்டில் எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. கணினிக்குள் கணக்குப் போடும் நிரல்தொகுப்பு வேறானால் குறியும் வேறாகலாம். மாதிரிகளைக் குறிக்கும் புள்ளிகளும் அளவுகளைக் குறிக்கும் அம்புகளும் சேர்ந்தே புரள்வதால் பொருள் கெடுவதில்லை. படங்களை அடுத்தடுத்து அச்சிட வேண்டுமென்றால், ஒரு படத்தில் புரண்டிருக்கும் கூறின் எண்களை, புள்ளிகளுக்கும் அம்புகளுக்கும் சேர்த்தே, மைனஸ் ஒன்றால் பெருக்கிவிடச் சொல்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. அதை நான் சென்ற ஆண்டு பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மசாலைத் தொழிற்கூடத்துக்கு மிளகாய்த்தூள் மூட்டைகள் பல ஊர்களிலிருந்து வருகின்றன என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ஈரப்பதம், சாம்பல், நிறம், காரம் ஆகிய நான்கையும் அளக்கிறோம். காரத்தை ஸ்கோவில் அலகில் எழுதுவது வழக்கம். அது பல்லாயிரங்களில் ஓடும். ஈரப்பதமோ நூற்றுக்குப் பத்தையொட்டி நிற்கும். இந்த அட்டவணையை ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, இந்தப் பகுப்பாய்வைச் செய்யும் பிஆர்காம்ப் (prcomp) கட்டளையை அப்படியே ஓட்டினேன். மாறுபாடு, அதாவது எண்களின் சிதறல், ஏறக்குறைய முழுவதையும் முதல் கூறே விளக்கிவிடுவதாக வந்தது. மகிழ்ச்சியோடு, புள்ளிகளையும் அம்புகளையும் ஒன்றாகக் காட்டும் பைபிளாட் படத்தை வரைந்தேன். நான்கு அம்புகளில் ஒன்று மட்டும் படத்தின் விளிம்புவரை நீண்டிருக்க, மற்ற மூன்றும் நடுவில் சுருண்டு கிடந்தன. அவற்றின் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கறுப்புத் திட்டாகத் தெரிந்தன. அந்தத் திட்டைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ எழுத்தின் அளவைக் குறைத்துத் திட்டைச் 'சரிசெய்தேன்'! மறுநாள் கூட்டத்தில், புள்ளியியலே படிக்காத கொள்முதல்காரர் ஒருவர், "இது காரம் கூடக்குறைய இருப்பதைத்தானே காட்டுகிறது, அதற்கு எதற்கு இத்தனை பெரிய படம்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயே வரவில்லை.

நடந்தது இதுதான். இந்தப் பகுப்பாய்வு மாறுபாடு மிகுந்த திசையைத் தேடுகிறது, ஆனால் அந்த மாறுபாடு எந்த அலகில் அளக்கப்பட்டது என்று கேட்பதில்லை. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் தூய நிலையில் இருந்தால் ஒரு கோடியே 60 லட்சம் ஸ்கோவில் என்ற கணக்கின்படி, பத்து லட்சத்தில் ஒரு பங்கு காப்சைசின் 16 ஸ்கோவிலுக்குச் சமம். அதே காரத்தை ஸ்கோவிலில் எழுதாமல் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எழுதியிருந்தால், அதன் மாறுபாடு 16-இன் வர்க்கமான 256 மடங்கு சுருங்கியிருக்கும். அம்பும் படமும் வேறாகியிருக்கும். மிளகாய் மட்டும் அதே மிளகாய்தான். ஒவ்வொரு மாறியையும் அதனதன் திட்டவிலக்கத்தால் (மாறுபாட்டின் வர்க்கமூலம்) வகுத்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது. அதற்கு பிஆர்காம்பில் ஸ்கேல் என்ற தெரிவு இருக்கிறது. ஆனால் நாம் கேட்காதவரை அது வகுப்பதில்லை. வகுப்பதே பொதுவாக நல்லது என்றும், ஆருக்கு முன்னோடியான பழைய எஸ் மொழியோடு ஒத்துப்போவதற்காகவே இப்படி விட்டிருப்பதாகவும் அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது.

வகுப்பில் காட்ட வேண்டுமானால் ஆருடன் வரும் அமெரிக்கக் கைதுத் தரவு போதும். 1973ஆம் ஆண்டில் 50 மாநிலங்களில் கொலை, தாக்குதல், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கான கைது விகிதங்களும் நகர்ப்புற மக்கள் சதவீதமும் அதில் இருக்கின்றன. தாக்குதலின் மாறுபாடு ஏறத்தாழ 6,945, கொலையினுடையது 19. அப்படியே ஓட்டினால் முதல் கூறு 96.6 சதவீதம் என்று பெருமையடித்துக்கொள்ளும். வகுத்தபின் ஓட்டினால் அது 62 சதவீதமாக இறங்கும், இரண்டாவது 24.7. எண் இறங்கினாலும் படம் பேசத் தொடங்குகிறது: குற்ற அம்புகள் மூன்றும் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய, நகர்ப்புற அம்பு அவற்றை விட்டு விலகி இரண்டாவது அச்சோடு போகிறது.

எப்போதும் வகுத்துவிடு என்றும் சொல்லமாட்டேன். எல்லா மாறிகளும் ஒரே அலகில் இருந்து, ஒன்றின் பரப்பு இயல்பாகவே பெரிதாக இருந்தால், அந்தப் பெரிய பரப்பும் ஒரு செய்திதான். எங்கள் ஈரப்பதத்தைப் போல அசையாமல் நிற்கும் மாறியை வகுத்தால், கருவியின் சிறு நடுக்கம்கூட காரத்துக்குச் சமமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை மென்பொருளிடம் விடாமல், வரைவதற்கு முன்பே ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கட்சி.

எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். 1966இல் உளவியலாளர் காட்டெல் சொன்ன ஸ்கிரீ படத்தை, அதாவது ஒவ்வொரு கூறின் மாறுபாட்டையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திய கோட்டை, வரைந்து பார். மலையடிவாரத்தில் கிடக்கும் சரளைக் கற்களை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயர். சரிவு எங்கே தட்டையாகிறது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, நீ அனுப்பிய அச்சுப்பிரதிகளைப் பற்றி. நேற்றிரவு புளோக்கின் கீழ்த்தளக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, மகளின் அளவுகோலை வாங்கி அவற்றின்மேல் வைத்துப் பார்த்தேன். கிடை அச்சில் ஓர் அலகு ஒன்றரை சென்டிமீட்டர். நிலை அச்சில் அதே ஓர் அலகு மூன்று சென்டிமீட்டர். தாளை நிரப்புவதற்காக மென்பொருள் இழுத்துவிட்ட படம் அது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை வைத்துத்தான் எது எதோடு ஒத்திருக்கிறது என்கிறோம். நீளத்துக்கு ஒரு கோல், அகலத்துக்கு ஒரு கோல் என்று அளந்த நிலத்தைப் பத்திரத்தில் எழுதுவோமா? ஆரில் படம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 (ggplot2) தொகுப்பில் கோஆர்ட் ஃபிக்ஸ்ட் (coord_fixed) என்று ஒரு சொல் சேர்த்தால் இரண்டு அச்சிலும் அலகு ஒரே நீளமாகிவிடும். ஆரின் சொந்த பைபிளாட் கட்டளையிலும் எச்சரிக்கை தேவை: எதையும் மாற்றாமல் விட்டால் அது புள்ளிகளின் பரப்பை இரண்டு கூறிலும் சமமாக்கிவிடும், அந்தக் கட்டளையிலுள்ள ஸ்கேல் தெரிவுக்கு (பிஆர்காம்பின் ஸ்கேல் வேறு) சுழியம் கொடுத்தால்தான் தூரங்கள் உள்ளபடி வரும்.

உன் மாணவர்கள் மேலும் கீழுமாக இரண்டு கூட்டங்கள் இருப்பதாகப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்கள். அச்சுகளைச் சமமாக்கி ஒருமுறை வரையச் சொல்லி, அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. வட்டங்கள் நிற்கின்றனவா என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்