நாற்பது குழித் தட்டு

டொரோண்டோ,
18 ஜனவரி 2026

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நாங்கள் மூவரும் நல்ல சுகம். அம்மாவின் முட்டுவலி தேவலையா? இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. கோயிலுக்குப் போய்வந்து பூட்ஸைக் கழற்றிப் போட்ட கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "கனடா ஐக்கிய சபைக்காரர்கள் வேதத்தை விட்டார்கள், ஜனம் விட்டுப் போய்விட்டது. அந்தக் கோயிலுக்கு நீ ஏன் போகிறாய்?" என்றீர்கள். ராத்திரியெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

இன்றைக்கு நற்கருணை ஆராதனை. கோப்பைகளை அடுக்கும் பொறுப்பு எனக்கும் 91 வயதான ஒரு பாட்டிக்கும். விரல் கனத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள், ஒரு தட்டில் நாற்பது குழி. அலமாரியில் பன்னிரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பன்னிரண்டும் போதாமல் நடுவில் கழுவி மறுபடி நிரப்புவார்களாம். இன்று ஒன்றை எடுத்தோம். முப்பத்தொரு கோப்பையில் திராட்சைச் சாறு ஊற்றியதும் நான் நிறுத்திவிட்டேன். பாட்டி விடவில்லை. கை நடுங்க நடுங்க மீதி ஒன்பதையும் நிரப்பினார். "யாராவது வந்தால்?" என்றார்.

இந்தக் கனடா ஐக்கிய சபையின் கதை உங்களுக்கு அந்நியமில்லை அப்பா. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் பல சபைகள் கூடி ஒன்றானதுபோல, இது 1925 ஜூன் 10இல் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல்காரர்களும் பிரஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியும் சேர்ந்து உண்டானது. போன ஜூனில் நூறு வயது நிறைந்தது. 1960களின் நடுவில் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் இருந்தார்கள், இப்போது நான்கு லட்சம்கூட இல்லை. 1961 கணக்கெடுப்பில் தங்களை இந்தச் சபை என்று சொல்லிக்கொண்டவர்கள் 36 லட்சத்துக்கு மேல், 2021இல் 12 லட்சம். இத்தனைக்கும் நாட்டின் ஜனத்தொகை இடையில் இரட்டிப்பாகிவிட்டது.

ஒருபால் ஈர்ப்புள்ளவர்களும் போதகராகலாம் என்று 1988இல் தீர்மானம் போட்டார்கள். அதைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். எங்கள் பாடகர் குழுவில் பாதிப்பேர் அந்த வருஷமே வெளியேறினார்கள் என்று பாட்டியும் சொன்னார். அவருடைய சொந்தத் தங்கையே போய்விட்டாராம். அந்த வலி உண்மை. ஆனால் சரிவு அதற்கு இருபது வருஷம் முந்தியே தொடங்கிவிட்டதே? 1925இல் சேராமல் தனியாக நின்ற பிரஸ்பிட்டேரியன்கள் இந்த விஷயத்தில் நெடுநாள் பழைய வழியிலேயே இருந்தார்கள். அவர்களும் 1961இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த வரையில் காரணம் வேறு. நம் ஊரில் இரண்டு ஞாயிறு கோயிலில் தலை காட்டாவிட்டால் மூன்றாவது ஞாயிறு போதகர் ஐயர் வீட்டுக்கு வந்துவிடுவார். சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் கல்யாண ஓலை வாசிக்கும்போது பேச்சு வரும். கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றாலும் பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும். சொந்தம், சாதி, சம்பந்தம் எல்லாம் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கத் தடை விதித்த ஓய்வுநாள் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1985இல் செல்லாதென்றது. 1992இல் ஒன்டாரியோவில் ஞாயிறு வியாபாரம் வந்தது. பிள்ளைகளின் ஹாக்கிப் பயிற்சிகூட இப்போது ஞாயிறு காலையில்தான். வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்க யாருமில்லை. கேட்க ஆளில்லாதபோதும் வருகிறவர்கள் இந்த முப்பது பேர். அவர்களோடு உட்காரும்போது என் விசுவாசத்துக்குப் பலம் கிடைக்கிறது அப்பா.

எல்லாம் எனக்குச் சம்மதம் என்று நினைக்காதீர்கள். டொரோண்டோவில் நாங்கள் இருக்கும் இதே ஸ்கார்பரோ பகுதியில், கடவுளை நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன கிரெட்டா வாஸ்பர் என்பவர் போதகராகத் தொடரலாம் என்று 2018இல் சமரசம் செய்துகொண்டார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டவர் பெயரைச் சொல்லாத ஆராதனை எதற்கு?

அப்புறம் ஓய்வுநாள் பள்ளி. 1958இல் கட்டிய பத்து அறைகள், வருகிற பிள்ளைகள் நான்கு. அதில் ஒருவன் இரண்டு பெண்கள் சேர்ந்து வளர்க்கும் பையன். அவர்கள் திருமணம் செய்துகொண்டவர்கள். முதலில் எனக்கும் திகைப்பாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பனியோ மழையோ, ஒரு ஞாயிறு தவறாமல் பிள்ளையைக் கூட்டி வருகிறவர்கள் அவர்கள்தான். பதினான்கு வயதான உங்கள் பேரன் இன்று போர்வையை விட்டு எழவில்லை. அவனை வற்புறுத்தவும் எனக்குப் பயமாக இருக்கிறது. அதை வேறு யாரிடம் சொல்வேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளில் சிலவற்றை இந்தச் சபையும் நடத்தியது. 1986இல் சட்பரியில் கூடிய பொதுச் சங்கம் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருஷம் கழித்து அவர்கள் சொன்ன பதில்: கேட்டதை அறிந்துகொண்டோம், ஆனால் ஏற்கவில்லை. அதன் நினைவாக எழுப்பிய கற்குவியலை முடிக்காமலே விடச் சொன்னார்கள். 1998இல் அந்தப் பள்ளிகளுக்காகவே தனியாக இன்னொரு மன்னிப்பு. ஆள் நிறைந்த சபை செய்த பாவத்தை ஆள் குறைந்த சபை சுமக்கிறது. அதை மறைக்காமல் பலிபீடத்துக்கு முன் சொல்லி ஜெபிக்கிறார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இதே கட்டடத்தை ஒரு தமிழ்ச் சபை வாடகைக்கு எடுக்கிறது. அப்போது உட்கார இடம் கிடைக்காது. சில வாரம் அதற்கும் இருந்து பாடிவிட்டு வருகிறேன்.

பிப்ரவரியில் சபைக் கூட்டம். வெந்நீர்க் குழாய்களும் கூரையும் போய்விட்டன, பழுது பார்க்கப் பணமில்லை. விற்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. எனக்கும் ஒரு வாக்கு உண்டு. எந்தப் பக்கம் கை தூக்குவதென்று தெரியவில்லை, எனக்காக ஜெபியுங்கள். பாட்டி என் வீட்டுப் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ராகக் குறிப்போடு ஒன்று கேட்டார். தம்பி வரும்போது கொடுத்தனுப்புங்கள்.

அன்பு முத்தங்களுடன்,
உங்கள் மகள்