பாலைச் சோதிக்கும் முன் புண்ணாக்கைச் சோதியுங்கள்

பால்வளத் துறையின் வட்டார அதிகாரி அவர்களுக்கு, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்து எல்லைக் கிராமக் கறவைக்காரன் ஒருவனின் வணக்கம்.

எங்கள் பால் சொசைட்டியில் எடுத்த மாதிரிகளில் ஆஃப்லாடாக்சின் எம்1 என்னும் பூசண நஞ்சு வரம்பை மீறியதும், மூன்று வீட்டுப் பாலை நிறுத்தியதும் தாங்கள் அறிந்ததே. நிறுத்தியதில் எனக்கு மறுப்பில்லை. குழந்தைகள் குடிக்கும் பால். ஆனால் மாதிரி எடுத்த பதினோராம் நாள்தான் முடிவு வந்தது. அதற்குள் அந்தப் பாலை ஊரே குடித்து முடித்திருந்தது, அந்தத் தீவன மூட்டையும் காலியாகியிருந்தது. அன்று கறந்த ஒன்பது லிட்டரைத் தென்னை மூட்டில் ஊற்றிய என் மனைவி, கன்றை ஊட்ட விடலாமா என்று கேட்டாள். சொசைட்டியில் விசாரித்தேன்; யாருக்கும் தெரியவில்லை.

இந்த நஞ்சு மடியில் பிறப்பதில்லை, ஐயா. கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும்போது உண்டாகும் பி1 நஞ்சு, மாடு தின்ற ஒரு நாளுக்குள் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது, லாக்டோமீட்டருக்கும் அகப்படாது. போன வாரம் பிரித்த மூட்டையில் மேலாக நல்ல புண்ணாக்குதான் இருந்தது. அடியில் கைவிட்டபோது கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம் வந்தது. மூட்டையில் தர முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. ஆகவே கேட்கிறேன்: தீவனத்தைக் கடையிலேயே சோதியுங்கள்.

இது புதுச் செய்தியும் அல்ல. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் எடுத்த 6,432 மாதிரிகளில் 368இல் எம்1 வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாடு, டெல்லி, கேரளம் ஆகிய மூன்றும் பட்டியலின் தலையில் நின்றன. எல்லைக்கு இருபுறமும் இதிலாவது ஒற்றுமை நிலவுகிறது! தீவனத்தின் வழியாகவே இது வருகிறது என்று அந்த ஆய்வே கூறிய பிறகும், கொழுப்பு ஒரு புள்ளி குறைந்தால் அன்றே காசைக் கழிக்கக் கருவி வைத்திருக்கும் துறைக்குப் புண்ணாக்கு மூட்டையைத் திறந்து பார்க்க ஆள் கிடைக்கவில்லை. தமிழ் பேசும் எங்களுக்கு வந்த நோட்டீஸும் மலையாளத்தில் மட்டுமே இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பெண்தான் படித்துச் சொன்னாள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. மழைக்காலம் தொடங்கும் முன் தீவனக் கடைகளில் மாதிரி எடுத்து, முடிவைச் சொசைட்டிப் பலகையில் தமிழிலும் எழுதிப்போடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அந்த மூட்டையின் அடிப்புண்ணாக்கில் ஒரு கிலோவைக் கட்டி வைத்திருக்கிறேன்; ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.