சராசரியில் தெரியாத நெரிசல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய வேகம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், இணைப்பின் சராசரிப் பயன்பாடு 60 சதவீதத்தைத் தாண்டாததால் மாலை நேரத் தாமதத்துக்கு நெரிசல் காரணமாக இருக்க முடியாது என்று எழுதப்பட்டிருந்தது. தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளைக் கணக்கெடுக்கும் பிரிவில் 26 ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை.

ஒரு கவுன்ட்டருக்கு ஆறு நிமிடங்களில் முறையே 6, 5, 4, 5, 6, 4 பேர் வருகிறார்கள். இன்னொரு கவுன்ட்டருக்கு 0, 0, 15, 0, 0, 15 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சராசரி நிமிடத்துக்கு 5 பேர்தான். நிமிடத்துக்கு 6 பேரைக் கவனிக்கும் ஊழியர் இருந்தால் முதல் வரிசை அநேகமாகக் கலைந்தபடியே இருக்கும். இரண்டாவதிலோ, கூட்டமாக வந்த 15 பேரில் கடைசி ஆள் இரண்டு நிமிடத்துக்கு மேல் கால் கடுக்க நிற்க வேண்டும். ஒவ்வொரு நிமிட எண்ணிக்கையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களின் வர்க்கங்களுக்குச் சராசரி கண்டு, அதை எண்ணிக்கையின் சராசரியால் வகுத்தால் முதல் கவுன்ட்டருக்கு 0.13 வருகிறது, இரண்டாவதற்கு 10 வருகிறது. சிதறலை அளக்கும் இந்த ஒற்றை எண்ணைத்தான் கட்டுரையாளர் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும்.

ஒன்றையொன்று சாராமல் வரும் அழைப்புகளுக்கு இந்த எண் 1. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909-இல் அழைப்புகளுக்குப் பாய்சான் பரவலை, அதாவது ஒன்றையொன்று சாராமல் நிகழ்பவை எத்தனை முறை நிகழும் என்று கணிக்கும் கணக்கை, பொருத்திக் காட்டினார். எங்கள் தலைமுறை அந்தக் கணக்கை நம்பியே எத்தனை இணைப்புத் தடங்கள் தேவை என்று முடிவு செய்தது. அப்போதும் நாள் முழுவதற்குமான சராசரியை நாங்கள் ஏற்றதில்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டரைப் படித்துத் தாளில் குறித்து, நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தை அதிலிருந்தே தேடி எடுப்போம்.

இணையப் போக்குவரத்து அந்தப் பாய்சான் கணக்குக்குள்ளும் அடங்குவதில்லை. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை ஈத்தர்நெட் எனப்படும், ஓரிடத்துக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பை அளந்தவர்கள், அளவெடுக்கும் கால இடைவெளியை விரித்துக்கொண்டே போனாலும் ஏற்ற இறக்கம் சமனாகிவிடவில்லை என்று கண்டார்கள். ஒரே சேவையிடம் கொண்ட வரிசைக்குக் கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961-இல் தந்த தோராயச் சூத்திரத்தின்படி, 80 சதவீதச் சுமையில் வருகையும் சேவை நேரமும் தற்செயலாக அமைந்தால் சராசரிக் காத்திருப்பு சேவை நேரத்தைப் போல் 4 மடங்கு. வருகை இடைவெளிகளின் மாறுபாடு மட்டும் 5 மடங்கானால் அதுவே 12 மடங்காகிறது. சுமை அதே 80 சதவீதம்தான் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கட்டுரையில் இருந்த வரைபடம் 5 நிமிடச் சராசரிகளால் ஆனது. தரவை வழியனுப்பும் கருவியான ரூட்டரின் நினைவகம் நிரம்பி, பாக்கெட்டுகள் எனப்படும் தரவுத் துண்டுகள் தொலையத் தொடங்க 10 மில்லிவிநாடி போதும். 5 நிமிடத்தில் அது 30,000-இல் ஒரு பங்கு. ஆகவே, இதே இணைப்பில் 10 மில்லிவிநாடி, 1 விநாடி, 1 நிமிடம் என்ற மூன்று இடைவெளிகளிலும் எடுத்த எண்ணிக்கைகளைச் சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் சிதறலையும் சராசரியோடு சேர்த்து அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். இடைவெளி விரிய விரியச் சிதறலும் ஏறிக்கொண்டே போனால், மாலைத் தாமதத்துக்கு நெரிசல் காரணமில்லை என்ற வரியைத் திருத்த வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியாளர்,
திருச்சி.