கின்ஸ்பெர்க் விற்றது யாருடைய கடிதங்களை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்கின் ஆவணக் காப்பகம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, தகவல்களில் தாராளமாகவும் தீர்ப்பில் அவசரமாகவும் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1994-ல் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் கொடுத்து அவருடைய காகிதங்களை வாங்கியதைச் சொல்லிவிட்டு, கட்டுரையாளர் இரண்டு குற்றங்களைச் சுமத்துகிறார். பணத்தைப் பழித்தே பாடிய கலகக்காரர் கடைசியில் பணத்துக்கு விலைபோனார் என்பது ஒன்று. நண்பர்கள் நம்பி எழுதிய அந்தரங்கக் கடிதங்களையும் சேர்த்து விற்றுவிட்டார் என்பது மற்றொன்று. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இரண்டாவது குற்றச்சாட்டைப் படித்தபோது சும்மா இருக்க முடியவில்லை.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இலவசமாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் எழுத்தாளர் தன் கையெழுத்துப் பிரதிகளை நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தால் அவற்றின் சந்தை மதிப்பு முழுவதற்கும் வரிக்கழிவு கிடைத்தது. 1969-ல் வந்த சட்டத் திருத்தம் அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு எழுதியவரே கொடுத்தால் காகிதம், மை வாங்கிய செலவுக்கு மட்டுமே கழிவு. அதே காகிதங்களை ஒரு சேகரிப்பாளர் விலைக்கு வாங்கி நன்கொடையாகக் கொடுத்தால் அவருக்குப் பலன் உண்டு! இப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, கவிஞர்கள் ஏன் தானம் செய்வதில்லை என்று கேட்பது வேடிக்கை.

கின்ஸ்பெர்க் தன் பெட்டிகளைப் பல ஆண்டுகள் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் வைத்திருந்தார். கொடுத்துவிடவில்லை, பாதுகாப்புக்காக வைத்திருந்தார். (1945-ல் அவரை இடைநீக்கம் செய்த அதே கொலம்பியாதான். விடுதி அறையின் அழுக்கு ஜன்னலில் விரலால் ஆபாசமாக எழுதினார் என்பது அன்றைய புகார்களில் ஒன்று. அந்த எழுத்து எந்தப் பெட்டியிலும் இல்லை.) ஸ்டான்ஃபோர்டு கொடுத்த தொகையில் வரியும் தரகும் போக மிஞ்சியதில் நியூயார்க்கின் கிழக்கு 14-ஆம் தெருவில் ஒரு குடியிருப்பை வாங்கினார். அதுவரை பல ஆண்டுகள் வாழ்ந்தது கிழக்கு 12-ஆம் தெருவில், லிஃப்ட் இல்லாத ஒரு வீட்டின் மேல்மாடியில். அவர் இதய நோயாளி. புது வீட்டில் ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. 1997 ஏப்ரலில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். விலைபோனவருக்குக் கிடைத்த சுகம் இவ்வளவுதான்.

இனி அந்தரங்கக் கடிதங்கள். கட்டுரையாளர் ஒரு அடிப்படைச் செய்தியைக் கவனிக்கவில்லை. ஒரு கடிதத்துக்கு எப்போதும் இரண்டு உரிமையாளர்கள். காகிதம் பெற்றுக்கொண்டவருக்குச் சொந்தம்; அதில் உள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் சொந்தம். நண்பரும் நாவலாசிரியருமான வில்லியம் பரோஸ் எழுதிய கடிதத்தின் தாளைக் கின்ஸ்பெர்க் விற்கலாம். ஆனால் அதைப் புத்தகமாக அச்சிடுவதற்குப் பரோஸின் தரப்பிலிருந்து அனுமதி வேண்டும். நூலகம் வாங்குவது தாளையும் அதை வாசகருக்குக் காட்டும் பொறுப்பையும்தான். நண்பர்களின் சொற்களை அவர் விற்கவில்லை. அவற்றை விற்கும் உரிமையே அவருக்குக் கிடையாது.

இந்த இரட்டை உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கின்ஸ்பெர்கின் நண்பர் நீல் கேசடியின் கடிதம் ஒன்றே போதும். 1950 டிசம்பரில் அவர் நாவலாசிரியர் ஜாக் கெரவாக்குக்கு ஆயிரக்கணக்கான சொற்களில் ஒரே மூச்சில் ஒரு கடிதம் எழுதினார். தன் உரைநடையையே மாற்றியது அந்தக் கடிதம்தான் என்று கெரவாக் பின்னால் சொன்னார். அதைக் கின்ஸ்பெர்கிடம் கொடுத்தார். அதன்பின் காணாமல் போயிற்று. படகு வீட்டில் வாழ்ந்த ஒரு நண்பரிடம் கின்ஸ்பெர்க் இரவல் கொடுத்தார், அவர் தண்ணீரில் போட்டுவிட்டார் என்று கெரவாக் பேட்டியிலேயே சொன்னார். அந்த நண்பர் பல பத்தாண்டுகள் இந்தப் பழியைச் சுமந்தார். உண்மையில் கின்ஸ்பெர்க் அதைப் பிரசுரத்துக்காக ஒரு சிறு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கே யாரும் உறையைப் பிரிக்கவில்லை. பதிப்பகம் மூடப்பட்டபோது குப்பைக்குப் போகவிருந்த காகிதங்களை, அதே அலுவலகத்தில் இசைத்தட்டுத் தொழில் நடத்திய ஒருவர் பாவம் பார்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார். 2012-ல் அவருடைய மகள் அந்தக் குவியலில் கடிதத்தைக் கண்டெடுத்தார். 2014-ல் அது ஏலத்துக்கு வரவிருந்தபோது வழக்கு வந்தது. தாள் எங்களுடையது என்று கெரவாக் தரப்பும், சொற்கள் எங்களுடையவை என்று கேசடி தரப்பும் வந்து நின்றன. சமரசம் முடிந்து, ஏலத்தில் விலைபோய், 2017-ல் எமரி பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றது.

கெரவாக் 1969-லேயே இறந்துவிட்டார். கடிதம் தொலையவில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று. பெட்டியைத் திறந்து பார்க்காமல் தூக்கிப் போடுவது எவ்வளவு சுலபம் என்பது நூலகத்தில் இருந்த எவருக்கும் தெரியும்.

கின்ஸ்பெர்க் தூக்கிப் போடத் தெரியாத மனிதர். மெக்சிகோ, மொராக்கோவின் டாஞ்சியர், பாரிஸ், பெரு என்று கால் ஓரிடத்தில் தரிக்காமல் அலைந்தவர். ஆனால் வந்த கடிதத்தை எல்லாம் காப்பாற்றினார். பரோஸ் டாஞ்சியரிலிருந்து அனுப்பிய கடிதங்களிலேயே அவருடைய நாவலின் பல பகுதிகள் முதலில் எழுதப்பட்டன. 1957-ல் கின்ஸ்பெர்க்கும் கெரவாக்கும் இன்னும் சிலரும் டாஞ்சியருக்கே போய், சிதறிக் கிடந்த தாள்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தினார்கள். கடிதங்களைப் பெற்றவர் கிழித்துப் போட்டிருந்தால் அந்த நாவலில் பாதி இருந்திருக்காது. நண்பர்களுக்குத் துரோகம் செய்தார் என்று கட்டுரையாளர் சொல்வது இவரைப் பற்றித்தான்.

அவருடைய தாய் நவோமி மனநோயால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் கழித்து, 1956 ஜூனில் அங்கேயே இறந்தார். இறப்புச் செய்தி வந்த சில நாட்களுக்குப் பிறகு அவருடைய கடைசிக் கடிதம் மகனின் கைக்கு வந்தது. சாவி ஜன்னலில் வெயில் படும் இடத்தில் இருக்கிறது, கல்யாணம் செய்துகொள், போதைப் பொருள் வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தார். பின்னர் தாய்க்காக அவர் எழுதிய நீண்ட இரங்கற்பாவில் அந்தச் சாவி வருகிறது. வேறொரு வீட்டில் இது மனநோயாளியின் உளறல் என்று அடுப்புக்குப் போயிருக்கும்.

பழைய டென்னிஸ் காலணிகளும் வெட்டிய தாடி முடியும்கூட அந்தக் காப்பகத்துக்குச் சென்றன என்று கட்டுரை கேலி செய்கிறது. தாடி முடிக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ரசீதையும் துண்டுப் பிரசுரத்தையும் கேலி செய்ய வேண்டாம். ஒரு கவிஞர் எந்த ஊரில் எப்போது இருந்தார் என்பதை அவருடைய நினைவுக் குறிப்பைவிட ஒரு டிக்கெட் துண்டு சரியாகச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் சேர்த்தவரிடமும் இடைவெளி உண்டு. 1965-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகர மாணவர்கள் அவரை மே தின விழாவின் மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாட்களில் அரசு அவரை நாட்டை விட்டே வெளியேற்றியது. அவருடைய குறிப்பேடு அங்கே போலீஸ் கையில் சிக்கியது. தன் காகிதங்களை விற்ற கவிஞரைப் பற்றி இவ்வளவு வருத்தப்பட்ட கட்டுரையாளர், விலை கொடுக்காமல் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

என்னுடைய உண்மையான குறை வேறு. கட்டுரை முழுக்க அமெரிக்கர்களே நடமாடுகிறார்கள். 1962 முதல் 1963 வரை கின்ஸ்பெர்க் ஓர் ஆண்டுக்கும் மேலாக இந்தியாவில் இருந்தார். கல்கத்தாவில் வங்க இளங்கவிஞர்களோடு பழகினார். அமெரிக்கா திரும்பிய பிறகும் தொடர்பு அறுபடவில்லை. 1964-ல் ‘பசித்த தலைமுறை’ என்ற வங்க இலக்கிய இயக்கத்தின் கவிஞர்கள் ஆபாசக் குற்றச்சாட்டில் கைதானபோது, எழுத்துச் சுதந்திரம் பற்றிப் பேசிவந்த கல்கத்தா அறிஞர் அபு சயீத் அய்யூபுக்குக் கடிதம் எழுதி, ஏன் தலையிடவில்லை என்று சண்டை போட்டார். அவர்களில் ஒருவரான மலய் ராய் சௌத்ரி கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 1967-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். 1971-ல் மறுபடி வந்த கின்ஸ்பெர்க், வங்க எழுத்தாளர் சுனில் கங்கோபாத்யாயுடன், வங்கதேசப் போரில் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த எல்லைப்புற அகதி முகாம்களுக்குப் போனார்.

கடிதப் போக்குவரத்தில் ஒருவர் பெட்டியில் பெரும்பாலும் மற்றவரின் குரலே இருக்கும். கின்ஸ்பெர்கின் காகிதங்கள் ஸ்டான்ஃபோர்டில், அவரோடு வட இந்தியாவில் பயணம் செய்த அமெரிக்கக் கவிஞர் கேரி ஸ்னைடரின் காகிதங்கள் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். இரண்டுக்கும் இடையே சில மணி நேரக் கார் பயணம்; ஆராய்ச்சியாளர் இரு தரப்பையும் படித்துவிடலாம். கல்கத்தாக் கவிஞர்களின் தரப்புக்கு அப்படி ஒரு முகவரியைச் சொல்ல முடியுமா? வங்காளம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கின்ஸ்பெர்க் அவர்களுக்கு எழுதிய கடிதங்கள் எந்தெந்த வீடுகளில், எந்த நிலையில் இருக்கின்றன என்பது பத்து லட்சம் டாலர் கணக்கைவிட நமக்கு அவசியமான செய்தி.

ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன். கின்ஸ்பெர்க் கல்கத்தாவில் வந்திறங்கினார் என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. 1962 பிப்ரவரியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து அவர் இறங்கியது பம்பாயில். கல்கத்தாவும் காசியும் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
கும்பகோணம்