ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கையின் நகல் போய்ச் சேரும். அவர்களை மனதில் வைத்துத்தான் சில பகுதிகளை எழுதியிருக்கிறேன்.

நம் தோட்டச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கன்று வழங்கல், விதைப் பரிமாற்றம், மண்புழு உரப் பயிற்சி ஆகியவையும் குறைவின்றி நடந்தன. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களைத் திருப்பித் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி, பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்கு நாம் போய்வந்தது. செயற்குழுவில் நான் இதை முன்மொழிந்தபோது, "பூங்காதானே, இதற்கு எதற்கு அனுமதிக் கடிதம், வேன், வழிகாட்டி?" என்று கேள்வி வந்தது. கேட்டவர்கள் யாரும் அன்று வரவில்லை. ஆகவே பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாதாரணப் பூங்காவில் செடி அழகுக்காக நிற்கிறது. பல்கலைக்கழகப் பூங்காவில் நிற்கும் ஒவ்வொரு செடிக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. எந்த ஆண்டு வந்தது, எங்கிருந்து வந்தது, காட்டில் சேகரித்ததா அல்லது வேறொரு தோட்டத்தில் வளர்ந்ததா, யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். செடியின் பெயர்ப் பலகை ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். பெரும்பாலும் அதன் முதல் நான்கு இலக்கங்கள் செடி வந்து சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். செடி பட்டுப்போனாலும் அந்த எண்ணை வேறு செடிக்குக் கொடுப்பதில்லை. இறந்தது என்று எழுதி, பதிவை அப்படியே வைத்திருக்கிறார்கள். நம் உறுப்பினர் பதிவேட்டையும் நான்தான் பராமரிக்கிறேன். அதில் வருகிறவர்கள், வராதவர்கள் தவிர மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. அதற்கு என்ன குறியிடுவது என்று அந்தப் பூங்காக்காரர்களுக்கே தெரியாது.

பல்கலைக்கழகம் தோட்டம் வைக்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல. இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தின் தோட்டம் 1544 வாக்கிலும், பாதுவா பல்கலைக்கழகத்தின் தோட்டம் 1545-லும் தொடங்கின. மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்து அடையாளம் காணப் பழக வேண்டும் என்பதே நோக்கம். மூலிகை மாறினால் நோயாளியின் கதி என்ன ஆவது? பீசா தோட்டத்தை உருவாக்கிய லூக்கா கினி, செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் முறையின் முன்னோடியாகவும் கருதப்படுகிறார். பாதுவாவில் 1585-ல் நட்ட ஒரு பனைவகை மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. வழிகாட்டியாக வந்த பேராசிரியர் இதையெல்லாம் வாசலிலேயே சொன்னார். தாமதமாக வந்தவர்களுக்காக அவரை இரண்டாம் முறை சொல்லச் சொல்லும்படி ஆயிற்று. புறப்படும் நேரத்தைச் சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

வறண்ட நிலத் தாவரங்களின் கண்ணாடி வீட்டில் அதிக நேரம் நின்றோம். ஒரு பக்கம் சப்பாத்திக்கள்ளியின் சொந்தங்கள், எதிரே சதுரக்கள்ளியின் சொந்தங்கள். பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. உறவோ மிகத் தூரம். முதல் கூட்டம் கிட்டத்தட்ட முழுக்க அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தது. இரண்டாவதன் தூண் போன்ற பெரிய வகைகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வளர்கின்றன. இரண்டும் தனித்தனியே ஒரே மாதிரி வறட்சியைச் சமாளித்ததில் ஒரே மாதிரி உருவம் வந்துவிட்டது. கீறினால் பால் வடிந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது குடும்பம். கீறாமலும் கண்டுபிடிக்கலாம்: முட்கள் பஞ்சு போன்ற ஒரு சிறு திண்டிலிருந்து கொத்தாகக் கிளம்பினால் முதல் குடும்பம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் நம்மவர் ஒருவர் கீறிப் பார்க்கக் கை நீட்டினார். தடுத்துவிட்டேன்.

பனை போலத் தோன்றும் சைக்கஸ் வகை மரங்களின் அருகே கேட்ட கதை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஓங்கோயே காட்டில் 1895-ல் என்செஃபலார்டோஸ் வுட்டியை என்ற வகையைக் கண்டார்கள். கிடைத்தது ஒரே ஒரு ஆண் மரம், ஒரே தூரில் சில தண்டுகளோடு. அதன் பெண் மரத்தை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. உலகத் தோட்டங்களில் இப்போது இருப்பவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகள். காட்டில் அது இல்லை. தோட்டம் என்ற ஒன்று இல்லாவிட்டால் எங்குமே இருந்திருக்காது. "பூங்காதானே" என்றவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.

குளத்தில் ராட்சத அமேசான் அல்லி இருந்தது. பூ விரியவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். அது மாலையில் வெள்ளையாக மலர்ந்து, மணத்தால் வண்டுகளை இழுத்து, இரவோடு மூடி உள்ளேயே வைத்துக்கொள்ளும். மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகத் திறந்து, மகரந்தம் பூசி அனுப்பிவிடும். காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தது செயற்குழு. மாலை வைக்கலாம் என்று நான் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட முடியாது. நம் உறுப்பினர் ஒருவர், படம் நன்றாக வர வேண்டும் என்று ஒரு பெயர்ப் பலகையைப் பிடுங்கிப் பக்கத்துச் செடி முன் நட்டு வைத்தார். பலகை மாறினால் அந்தச் செடியின் மொத்த வரலாறும் மாறிப்போகும். பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் சரியான இடத்தில் திரும்ப நட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்புறம், கிளை ஒடித்துத் தரும்படி சிலர் கேட்டது. பல செடிகள் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. 1992-ல் உருவான பல்லுயிர் உடன்படிக்கை, ஒரு நாட்டின் தாவர வளம் அந்த நாட்டின் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் இந்த விஷயத்தில் கண்டிப்பு கூடியிருக்கிறது. இது புரியாமல் "சங்கத்துக்குக்கூடத் தர மாட்டார்களா?" என்று வேனில் என்னிடம் வாதாடினார்கள்.

வேன் என்றதும் இன்னொன்று. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. காலி இருக்கைக்கும் வாடகை உண்டு. அந்தத் தொகை யார் கையிலிருந்து போனது என்பதைப் பொருளாளர் அறிவார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பெரிய கடன் இல்லை, பெரிய இருப்பும் இல்லை. சந்தா நிலுவை மட்டும் சீராக வளர்ந்து வருகிறது. நிலுவை வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

அனுமதி தந்த பல்கலைக்கழகத்துக்கும், பொறுமையோடு சுற்றிக் காட்டிய பேராசிரியருக்கும், தோட்டப் பணியாளர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் உலர்தாவரத் தொகுப்பைப் பார்க்கலாம் என்று பேராசிரியரே அழைத்திருக்கிறார். குறைந்த எண்ணிக்கையில்தான் உள்ளே விடுவார்கள். நிலுவை இல்லாதவர்களுக்கு முன்னுரிமை என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். இத்துடன் என் பதவிக் காலம் முடிகிறது. செயலாளர் பொறுப்புக்கான வேட்புமனுப் படிவங்கள் மேசையில் இருக்கின்றன. காலையிலிருந்து அப்படியேதான் இருக்கின்றன. யாரும் எடுக்காவிட்டால் நான் தொடர்வதில் ஆட்சேபம் இல்லை. வேன் முன்பணத்தை மட்டும் இம்முறை சங்கமே கட்டட்டும்.