சங்கர்–ஜெய்கிஷன் கேட்பு அமர்வுகளுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்தித் திரையிசையமைப்பாளர்கள் சங்கர்–ஜெய்கிஷன் இணையின் இசைப் பயணத்தைப் பற்றி மும்பை மாட்டுங்காவில் தமிழில் நாங்கள் நடத்தி வந்த கேட்பு அமர்வுகள் சென்ற வாரம் நிறைவுற்றன. அரங்கில் நின்று பேசியவன் நான் என்பதால் பாராட்டெல்லாம் என் பெயருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பேச்சின் பெரும்பகுதி பிறர் எனக்குக் கொடுத்தது. கொடுத்தவர்கள் யாரும் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை. ஆகவே பெயர் சொல்லாமல், அவரவர் செய்த உதவியை மட்டும் இங்கே பொதுவில் எழுதி வைக்கிறேன்.

முதல் நன்றி, பாந்த்ராவில் வசிக்கும் கோவாக்காரரான அந்த வயலின் கலைஞருக்கு. சங்கர்–ஜெய்கிஷனின் பொற்காலம் முடியும் தறுவாயில்தான் தாம் ஸ்டூடியோ வாத்தியக் குழுக்களில் சேர்ந்ததாக அவர் முன்னதாகவே சொல்லிவிட்டார். தாம் நேரில் பார்த்ததையும் மூத்த கலைஞர்களிடம் கேட்டறிந்ததையும் ஒன்றாகக் கலக்காமல், ஒவ்வொன்றையும் இன்னதென்று பிரித்துச் சொன்ன அந்த நேர்மைக்கே தனியாக ஒரு வணக்கம் செலுத்த வேண்டும். இசைத்தட்டின் உறையிலும் திரையிலும் இரண்டு பெயர்கள்தான் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் செபாஸ்டியன் டிசௌசாவும் தத்தாராமும் இருந்தார்கள் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். படித்ததைக் காதால் கேட்க வைத்தவர் இவர்.

செபாஸ்டியன், பிரிவினைக்கு முன் லாகூரில் இசைக்குழு நடத்தியவர். பம்பாய்க்கு வந்தபின் 1950களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இணையின் வாத்திய அமைப்பாளராக விளங்கினார். இசையமைப்பாளர்கள் ஆர்மோனியத்தில் மெட்டை அமைத்துத் தருவார்கள். அதைச் சுற்றி வயலின்கள் எங்கே எழ வேண்டும், செல்லோ எங்கே தாங்க வேண்டும், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை எந்தக் குழல் நிரப்ப வேண்டும் என்பதையெல்லாம் மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதி, ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனித் தாளாகக் கொடுப்பது அவர் வேலை. கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் இளமையிலேயே குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை பம்பாயில் இருந்ததனால்தான் அது சாத்தியமாயிற்று. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் பதிவு செய்த காலம் அது. கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை விளக்க அவர் அன்று செய்ததை வந்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1960இல் வெளியான ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை’ படத்தின் ‘ஆ அப் லௌட் சலே’ பாடலை முதலில் முழுவதும் ஒலிக்கச் செய்தார். பிறகு எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண்மணியை மெட்டை மட்டும் வார்த்தையின்றி மெல்லப் பாடச் சொல்லிவிட்டு, தாம் வயலினை எடுத்து, பின்னணியில் ஓடும் எதிர்மெட்டை மட்டும் வாசித்தார். மெட்டு தாழும்போது வயலின் ஏறியது. மெட்டு நின்ற இடத்தில் வயலின் நிற்காமல் அடுத்த அடியின் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. பிறகு பாடலை மீண்டும் ஒலிக்கச் செய்தபோது, அதுவரை வெறும் பிரம்மாண்டம் என்று நாங்கள் நினைத்திருந்த ஒலிக்குள் இரண்டு தனிப் பாடல்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போவது கேட்டது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா, ‘இத்தனை வருஷமா இது எங்கே இருந்தது?’ என்று வாய்விட்டுக் கேட்டார். ஐயா, எனக்கும் அதே கேள்விதான் எழுந்தது. நடுங்கும் விரல்களோடு அன்று தாங்கள் வாசித்ததற்கு எங்கள் அனைவரின் சார்பிலும் நன்றி.

தத்தாராமைப் பற்றி அவர் சொன்னதும் அதே அளவு முக்கியமானது. சங்கரும் தத்தாராமும் முதலில் பழகியது உடற்பயிற்சிக் கூடத்தில். அந்த நட்பின் வழியாகத் தத்தாராம் பிருத்வி தியேட்டர் என்ற நாடகக் குழுவுக்கு வந்து, பின்னர் இந்த இணையின் தாள வாத்தியப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். டோலக்கில் அவர் வகுத்த ஒரு நடையைக் கலைஞர்கள் இன்றளவும் ‘தத்து தேக்கா’ என்றே அழைக்கிறார்கள். பம்பாயின் எத்தனையோ டோலக் கலைஞர்களின் கைகளில் இன்றும் வாழும் அந்த நடைக்குரியவர் பெயரைச் சராசரி ரசிகர் அறியமாட்டார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்த நன்றி, 78 சுழற்சி இசைத்தட்டுகளை நம்பி எங்களிடம் கொடுத்த தாதர் சேகரிப்பாளருக்கு. கீழே விழுந்தால் கண்ணாடிபோல் நொறுங்கிவிடும் தட்டுகளை அவர் தம் வீட்டை விட்டு வெளியே அனுப்புவதே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் அனுப்பவும் இல்லை; ஒவ்வொரு முறையும் தாமே சுமந்துகொண்டு வந்தார்! 1949இல் வெளியான ‘பர்சாத்’ படத்தின் தட்டுகளை அவர் கையால் துடைத்து ஒலிக்க விட்டபோது, சங்கரும் ஜெய்கிஷனும் இணைந்த கதையை நான் சொல்லும் முறையே மாறிவிட்டது. ஹைதராபாத்தில் வளர்ந்து தபலா கற்ற சங்கரும், குஜராத்தின் பான்ஸ்டாவிலிருந்து வந்த ஆர்மோனியக் கலைஞர் ஜெய்கிஷனும், சந்திரவதன் பட் என்ற குஜராத்தி இயக்குநரின் அலுவலகத்தில் வாய்ப்புக்காகக் காத்திருந்தபோது அறிமுகமானார்கள். பிருத்வி தியேட்டரில் ஆர்மோனியத்துக்கு ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லி ஜெய்கிஷனை அழைத்துச் சென்றவர் சங்கர். பின்னர், இசையமைப்பாளர் ராம் கங்கூலியிடமிருந்து ‘பர்சாத்’ விலகி, ராஜ் கபூர் அந்த வாய்ப்பைச் சங்கருக்குக் கொடுத்தபோது, ஜெய்கிஷனும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டவரும் அவரே. தனியாகக் கிடைத்த வாய்ப்பைப் பாதியாகப் பங்கிட்டுக்கொடுத்த அந்த முடிவிலிருந்துதான் அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளின் இசை பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்திப் பாடல்களின் பொருளைத் தமிழில் எழுதித் தந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பாடலாசிரியர்கள் இருவரில் ஷைலேந்திராவின் எளிய இந்தியும் ஹஸ்ரத் ஜெய்ப்பூரியின் உருதுக் காதலும் வெவ்வேறு தமிழில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, ஒரே வரியைப் பலமுறை மாற்றி எழுதினார். ஷைலேந்திரா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தது இதே மாட்டுங்காவில்தான் என்று அவர் சொன்னபோது, நாள்தோறும் அந்தப் பணிமனைச் சுவரைக் கடந்து வேலைக்குச் செல்லும் எங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கவியரங்கத்தில் கேட்ட கவிதையை விலைக்குக் கேட்ட ராஜ் கபூரிடம் முதலில் மறுத்தவர் ஷைலேந்திரா. மனைவி கருவுற்றிருந்த காலத்துப் பணமுடை காரணமாகப் பின்னர் தாமே சென்று ‘பர்சாத்’துக்கு இரண்டு பாடல்கள் எழுதி 500 ரூபாய் பெற்றுக்கொண்டார். ஹஸ்ரத் அப்போது பம்பாய்ப் பேருந்தில் நடத்துநர். இசையமைப்பாளர் இருவரும் பாடலாசிரியர் இருவருமாக நால்வரும் ஒரே படத்தில் ஒன்றுசேர்ந்து, 1966 டிசம்பரில் ஷைலேந்திரா மறையும்வரை பிரியவில்லை. அவர் மறைவுக்குப் பிறகும் வெற்றிகள் வந்தன. எனினும் மெட்டுக்குள் சொல் அமரும் அந்தப் பழைய இயல்பு பின்னர் அடிக்கடி வாய்க்கவில்லை என்பது என் கருத்து. இதில் என்னோடு அந்தப் பெரியவருக்கு உடன்பாடு இல்லை. அவர் மறுத்துப் பேசியதை அமர்வுக் குறிப்பில் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

இந்துஸ்தானி இசை கற்பிக்கும் ஆசிரியை அம்மா அவர்கள் இரண்டு மாலைகளை எங்களுக்காக ஒதுக்கினார். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுகளுக்கு எளிதில் பிடிபடும் வகையில், இந்த இணை மிகவும் விரும்பிக் கையாண்ட பைரவிக்கு நம் சிந்துபைரவியையும், ‘சோரி சோரி’ படத்தின் ‘ரசிக் பல்மா’ அமைந்த சுத்த கல்யாணுக்கு மோகனகல்யாணியையும் பக்கத்தில் வைத்துப் பாடிக் காட்டினார். ஆரோகணத்தில் மோகனமாக ஏறி அவரோகணத்தில் கல்யாணியாக இறங்கும் அந்த அமைப்பைக் கேட்டபின், லதா மங்கேஷ்கர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் இறங்கி வரும் விதம் எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது. ‘பசந்த் பஹார்’ படத்துக்காகப் பீம்சேன் ஜோஷியோடு போட்டிப் பாடல் பாட வேண்டும், அதிலும் கதைப்படி வெல்ல வேண்டும் என்று தெரிந்ததும் மன்னா டே ஊரை விட்டே போய்விட எண்ணியதையும், அவருடைய மனைவி தைரியம் சொல்லித் தடுத்ததையும் அம்மா சொன்ன விதம் கேட்டு அரங்கமே மகிழ்ந்தது.

‘சோரி சோரி’யைப் பற்றி ஒரு செய்தியைத் தமிழர்கள் என்ற முறையில் நாங்கள் கூடுதல் உரிமையோடு பேசினோம். 1956இல் வெளிவந்த அந்தப் படம் ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு. அதில் வரும் ‘யே ராத் பீகி பீகி’ பாடலுக்குப் பாடகர் முகேஷே வேண்டும் என்று மெய்யப்பச் செட்டியார் எண்ணியதையும், ராஜ் கபூரும் இசையமைப்பாளர்களும் எடுத்துச் சொல்லித் தம்மைப் பாட வைத்ததையும் மன்னா டே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சங்கர்–ஜெய்கிஷன் பெற்ற ஒன்பது ஃபிலிம்ஃபேர் விருதுகளில் முதலாவது அந்தப் படத்துக்கே கிடைத்தது. விருது விழாவில் ‘ரசிக் பல்மா’ பாட அழைக்கப்பட்ட லதா, பாடகர்களுக்கென்று விருது இல்லாத மேடையில் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். 1959இல் பின்னணிப் பாடகருக்கான விருது தொடங்கப்பட்டது.

பாடகி சாரதாவைப் பற்றிய அமர்வை நடத்தியே ஆக வேண்டும் என்று வலியுறுத்திய செம்பூர் அம்மையாருக்குத் தனி நன்றி உரியது. தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்து, தெஹ்ரானில் ஒரு விருந்தில் ராஜ் கபூரின் காதில் விழுந்து, சங்கரின் ஆதரவால் இந்தித் திரைக்கு வந்த சாரதா, 1966இல் வெளியான ‘சூரஜ்’ படத்தின் ‘தித்லி உடி’ பாடலால் நாடெங்கும் அறியப்பட்டார். அதே படத்தில் முகமது ரஃபி பாடிய ‘பஹாரோ ஃபூல் பர்சாவோ’ விருது பெற்றபோது, சாரதாவுக்கும் சிறப்பு விருது வழங்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் ஆண், பெண் பாடகர்களுக்குத் தனித்தனி விருதுகள் வரத் தொடங்கின. அவருடைய குரலைக் குறை கூறி எழுதப்பட்டவை ஏராளம். அந்தக் குரல் வேறு யாருடைய குரலைப் போலவும் இல்லை என்பதே அதன் பெருமை என்று அம்மையார் தம் பழைய தட்டுகளோடு வந்து நிறுவினார். 2023இல் சாரதா மறைந்தபோது நாம் அவரைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. அந்தக் குறை இப்போது ஓரளவு நீங்கியிருக்கிறது.

கடைசி அமர்வு எனக்குக் கடினமானது. யார் எந்த மெட்டை அமைத்தார்கள் என்று வெளியே சொல்வதில்லை என்பது இருவருக்கும் இடையிலிருந்த ஒப்பந்தம். ‘சங்கம்’ படத்தின் ‘யே மேரா ப்ரேம் பத்ர’ தம்முடைய மெட்டு என்பது ஜெய்கிஷன் வாயிலாக அச்சில் வெளிவந்தபோது அது மனத்தாங்கலுக்கு வித்திட்டது. அதன்பின் இருவரும் பெரும்பாலும் தனித்தனியே மெட்டமைத்தாலும், பெயரை மட்டும் பிரிக்கவில்லை. 1971 செப்டம்பர் 12 அன்று ஜெய்கிஷன் மறைந்தபின், 1987இல் தாம் மறையும்வரை, தாம் தனித்து அமைத்த இசைக்கும் ‘சங்கர்–ஜெய்கிஷன்’ என்றே சங்கர் கையெழுத்திட்டார். இந்தப் பிணக்கைப் பேசும்போது எவர் பக்கமும் சாயாமல் இருக்க, என் உரையை முன்கூட்டியே படித்து, காரமான சொற்களை அடித்துத் திருத்தித் தந்த நண்பருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அரங்கைக் கட்டணமின்றித் தந்த குடியிருப்புச் சங்கத்தாருக்கும், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்கும், மழை நாள்களில்கூடத் தேநீரைத் தவறாமல் கொண்டுவந்த எதிர்க்கடைக்காரருக்கும், புறநகர் ரயிலின் நெரிசலில் நின்றபடியே பயணம் செய்து வந்த ரசிகர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

இரவல் பெற்ற இசைத்தட்டுகள் யாவும் உரியவர்களிடம் பத்திரமாகச் சேர்க்கப்பட்டுவிட்டன. அமர்வுகளின் எழுத்துக் குறிப்புகள் தட்டச்சாகி வருகின்றன, விரும்புவோர் படியெடுத்துக்கொள்ளலாம். அக்காலப் பதிவுக்கூடங்களில் வாசித்த வயலின், செல்லோ, டோலக் கலைஞர்களின் குடும்பத்தார் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் வீட்டிலுள்ள பழைய குழுப் படங்களை எங்களுக்குக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படத்திலிருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டப் பாந்த்ரா பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
கேட்பு அமர்வுகளின் ஒருங்கிணைப்பாளர்,
மாட்டுங்கா, மும்பை