தடயவியலின் பாதிக் கதை நுண்ணுயிரியலில் இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தடயவியல், நுண்ணுயிரியல் இரண்டிலும் ஆய்வு செய்துவரும் மூலக்கூறு உயிரியலாளரைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ரத்தக்கறை, கொலை வழக்கு, டிஎன்ஏ பொருத்தம் எல்லாம் விரிவாக வந்திருந்தன. அவருடைய பாக்டீரியா ஆய்வுகளுக்கு மட்டும் கடைசியில் ஒரே ஒரு பத்தி. அதுவும் ‘அவர் கிருமிகளையும் ஆராய்கிறார்’ என்ற அளவில் முடிந்துவிட்டது. பல வருடங்கள் நுண்ணுயிரியல் பாடம் நடத்தியவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இரண்டும் அவருக்குத் தனித்தனி வேலைகளாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒன்றின் மேல்தான் மற்றது நிற்கிறது.

1984-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், டிஎன்ஏவை வைத்து ஒருவரை அடையாளம் காணும் ‘டிஎன்ஏ ரேகை’ முறையைக் கண்டறிந்தபோது, அந்த முறைக்கு நிறைய மாதிரி தேவைப்பட்டது. கறை கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவில் இருந்தால்தான் வேலை நடக்கும். இன்று ஒரு கோப்பையின் விளிம்பில் ஒட்டிய எச்சில் போதும். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது, துளி டிஎன்ஏவையும் நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் என்ற முறை. 1983-ல் அமெரிக்க வேதியியலாளர் கேரி மல்லிஸுக்குத் தோன்றிய அந்த யோசனைப்படி, ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவை 95 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, இழைகளைப் பிரித்து, குளிரவைத்து, நொதியைக் கொண்டு நகல் எடுக்க வேண்டும். முப்பது சுற்று ஒழுங்காக ஓடினால் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டிவிடும். சிக்கல் என்னவென்றால், முதலில் பயன்படுத்திய, இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டைத் தாங்கும் நொதி கிடைத்தது தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து. தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் 1966-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றில் அதை எடுத்தார்கள். அவர்கள் மனதில் கொலையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. கொதிக்கிற மாதிரியான நீரில் உயிர் எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனவர்கள். அந்த ஊற்று இல்லாமல் இன்றைய தடயவியல் ஆய்வகத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

நுண்ணுயிர்கள் தடயத்தை அழிக்கவும் செய்யும். ஈரமான ரத்தக்கறைத் துணியை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, சூடான அறையில் வைத்துப் பாருங்கள். ஈரமும் புரதமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் பாக்டீரியாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஓரிரு நாளில் நாற்றம் எடுக்கும், துணியில் பூஞ்சைப் புள்ளிகள் தெரியும், உள்ளே இருந்த மனித டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். காற்றாட உலரவைத்துக் காகித உறையில் போட்டிருந்தால், அதே கறை பல வருடங்கள் கழித்தும் பேசியிருக்கும். அதற்கு நுண்ணுயிரியலின் அரிச்சுவடி தெரிந்தால் போதும். சம்பவ இடத்தில் முதலில் கைவைக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். விலை உயர்ந்த கருவியெல்லாம் அப்புறம்.

நான் முக்கியமாக எழுத வந்தது நுண்ணுயிரே சாட்சியாக நின்ற வழக்குகளைப் பற்றி. லிபியாவின் பெங்காசி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்று ஏற்பட்டது. பல்கேரியாவிலிருந்து வந்த ஐந்து செவிலியர்களும் ஒரு பாலஸ்தீன மருத்துவரும் வேண்டுமென்றே பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2004-ல் மரண தண்டனை பெற்றார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, அவை எப்போது ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முடிவு 2006 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்த வெளிநாட்டவர்கள் 1998 மார்ச்சில் வேலைக்கு வருவதற்கு முன்பே வைரஸ் அந்த மருத்துவமனையில் பரவத் தொடங்கிவிட்டது என்று அது காட்டியது. பல குழந்தைகளுக்கு, ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்றும் இருந்தது. ஊசி போன்றவற்றில் சுகாதாரம் காக்கப்படவில்லை என்பதன் அடையாளம் அது. ஆனாலும் அதே மாதம் மறுவிசாரணையில் நீதிமன்றம் மறுபடி மரண தண்டனையே விதித்தது. 2007 ஜூலையில் அவர்கள் விடுதலையானதற்கு அரசுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தைதான் காரணம். ஆய்வு சரியாக இருந்தது, அதைக் கேட்க ஆள் இல்லை. இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேருக்கு இது தெரிந்திருக்காது என்பதுதான் என் வருத்தம்.

ஜெஃப்ரிஸின் முறையும் முதல் கொலை வழக்கில் முதலில் காப்பாற்றியது ஒரு நிரபராதியை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட 17 வயது இளைஞர் அவர். உண்மையான குற்றவாளி அதற்குப் பிறகுதான் சிக்கினான்.

ஆனால் மனித டிஎன்ஏவும் கிருமியின் டிஎன்ஏவும் நீதிமன்றத்தில் ஒரே மாதிரி பேசுவதில்லை. உங்கள் கட்டுரை தொடாமல் விட்ட இடம் இதுதான். மனிதரின் டிஎன்ஏ அடையாளம் பிறப்பிலிருந்து இறப்பு வரை கிட்டத்தட்ட மாறாது. அதனால் ‘இந்தக் கறை இவருடையது’ என்பதை எண்களோடு சொல்ல முடிகிறது. இ.கோலையோ நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். எச்ஐவி ஒரே உடலுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும். அங்கே சொல்ல முடிவது ‘இவை நெருங்கிய உறவு’ என்பதுதான். யாரிடமிருந்து யாருக்குப் போனது, நடுவில் இன்னொருவர் இருந்தாரா என்பதைப் பெரும்பாலும் வரிசை மட்டும் சொல்லாது.

2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்களால் ஐந்து பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். அங்கே சிக்கல் நேர்மாறாக இருந்தது. ஆந்த்ராக்ஸ் கிருமி ஸ்போர் எனும் கெட்டி உறைக்குள் வருடக்கணக்கில் உறங்கும், அதனால் மிகக் குறைவாகவே மாறும். ‘ஏம்ஸ்’ ரகம் என்று தெரிந்தது, சரி. ஆனால் அந்த ரகம் பல ஆய்வகங்களில் இருந்தது. துப்பு கிடைத்தது, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அகார் தட்டில். ஒரே மாதிரி வளர்ந்த காலனிகளுக்கு (பாக்டீரியாக் கூட்டங்களுக்கு) நடுவே சில மட்டும் நிறத்திலும் வடிவத்திலும் வேறுபட்டுத் தெரிந்ததை ஆய்வகத்தில் ஒருவர் கவனித்தார். அந்தக் காலனிகளில் இருந்த நான்கு மரபணு மாற்றங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேகரிப்பு மாதிரிகளில் தேடித்தான் விசாரணை ஓர் ஆய்வகத்தின் குடுவைக்கு வந்து சேர்ந்தது. வெறும் கண்ணால் தட்டைப் பார்க்கிற பழக்கத்தை மாணவர்களிடம் வற்புறுத்தியவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதே சமயம், 2011-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு, கிடைத்த அறிவியல் சான்றை மட்டும் வைத்து அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் முழுக் கதை.

இறந்த நேரத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு கணிக்கும் ஆய்வும் நன்றாகவே நகர்கிறது. 2024-ல் வந்த ஓர் ஆய்வு, வெவ்வேறு இடங்களிலும் பருவங்களிலும் வைக்கப்பட்ட 36 உடல்களில் அழுகலை நடத்தும் நுண்ணுயிர்க் கூட்டம் பெரும்பாலும் ஒத்திருந்ததைக் காட்டியது. இன்னும் சில நாட்கள் முன்பின் பிழை இருக்கிறது. நீதிமன்றத்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரப் பெயரால் அறியப்படும் வழக்கு. 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் சுமார் 40 சம்பவ இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. காவல்துறை வருடக்கணக்கில் தேடியது. 2009-ல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ என்று. குச்சிகள் முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். கிருமிநீக்கம் உயிருள்ள கிருமியைக் கொல்லும், அங்கே கிடக்கும் டிஎன்ஏவை அது துடைத்துவிடாது. மருத்துவமனைக்கு அந்தக் குச்சி போதும், தடயவியலுக்குப் போதாது. இதற்கென்றே ஐஎஸ்ஓ 18385 என்ற சர்வதேசத் தரநிலை 2016-ல் வந்தது. நுண்ணுயிரியல் பக்கமும் இதே பாடத்தைப் படித்தது. டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்களிலேயே (அதற்கான ரசாயனத் தொகுப்புகளிலேயே) மண், நீர் பாக்டீரியாக்களின் டிஎன்ஏ கலந்திருப்பதை 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. மாதிரியில் கிருமி குறைவாக இருந்தால் கிட்டில் இருப்பதுதான் முடிவாக வெளியே வரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த ஆய்வாளரை மறுபடி சந்தித்தால், எத்தனை வழக்கில் பொருத்தம் கிடைத்தது என்று கேட்டதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் எதையும் தொடாத வெற்றுக் குச்சி ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுகிறாரா, அதில் ஏதாவது வந்தால் என்ன செய்கிறார், அறிக்கையில் எந்தச் சொற்களை எழுத மறுக்கிறார் என்றும் கேளுங்கள். அந்தப் பதில்களுக்கு எத்தனை பக்கம் ஆனாலும் ஒதுக்குங்கள். நான் படிக்கிறேன், என் பழைய மாணவர்களுக்கும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்